ஒரு கோடியே ஏழு

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கிடைத்த எண் 10000007. அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். காலையிலேயே நிரப்பி அனுப்பிவிட்டாள். மதியம் என் மனைவியின் அண்ணன் தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எண் ஜோசியம் பார்ப்பது அவர் தொழில்.

“ஒண்ணும் ஏழும் எட்டு. சனி! மாப்ள, நீங்க கணக்குப் புலியாச்சே, கூட்டிப் பார்க்கலையா? கேன்சல் பண்ணிட்டு வேற நம்பர் வாங்குங்க.”

பல் குத்திக்கொண்டே சொன்னார். குத்தியதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது என்பது ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்ப்பதுதான். பத்து விரல் இருப்பதால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். எட்டு விரலோடு பிறந்து எட்டெட்டாக எண்ணியிருந்தால் ஏழால் வகுத்து மீதி பார்ப்பதாகியிருக்கும்; இதே எண்ணின் கூட்டு மூன்று. சனி எழுந்து போய் குரு உட்கார்ந்திருப்பார். இதை அவரிடம் சொன்னேன்.

“எட்டு விரலாம்!” என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “உன் வீட்டுக்காரருக்குக் கையையும் பார்க்கணும்மா.”

அந்த எண்ணின் உண்மையான குணத்தை எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டுவது என்று அறைக்குள் போய் நோட்டைத் திறந்தேன். பகா எண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்தேன். ஏழுக்கு மீதி மூன்று. பதினொன்றுக்கு ஆறு. பதின்மூன்றுக்கு நான்கு. மகள் இரண்டு தடவை வந்து கதவருகே நின்றாள்.

“அப்பா, கொஞ்சம் வாங்களேன்.”

“இரும்மா, விட்டுப்போயிடும்.”

நூற்று ஐம்பத்தொன்பது பகா எண்கள் அதை வகுக்கவில்லை. நூற்று அறுபதாவதான 941 மீதியில்லாமல் வகுத்தது. ஈவு 10627, அதுவும் பகா எண். அப்போது மணி 4.40.

நோட்டோடு வெளியே வந்தேன். அண்ணனும் தங்கையுமாக மகளின் கைபேசியை வாங்கி விண்ணப்பத்தை ரத்து செய்திருந்தார்கள். புதிய விண்ணப்பம் பதிவாகாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குத் தளம் மூடியது.

“எட்டு தொலைஞ்சுது, விடுங்க மாப்ள” என்று மைத்துனர் காப்பியை உறிஞ்சினார். அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியவில்லை. என் கையிலிருந்த நோட்டு, அதில் அடித்தல் திருத்தல் இல்லாத என் கையெழுத்து, அதையும்தான்.

“மாமா கூட்டினாங்க, நீங்க வகுத்தீங்க” என்றாள் மகள். “நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்ப்பா.”

மறுநாள் காலை முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் விண்ணப்ப எண்ணைக் கேட்டார். சொன்னேன்.

“கேன்சல்னு காட்டுதுங்க சார். நீங்களேதான் பண்ணியிருக்கீங்க.”

நானில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

“ஆமாங்க” என்றேன். “திரும்ப எடுக்க வழியிருக்குங்களா?”

“இல்லைங்க சார். பின்னாடி நிக்கிறவங்க வாங்க.”