ஒன்பதாம் பாடத்துக்கு முன்னால்

சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் அந்த அயல்மொழி வகுப்பில் அவளுக்கு 'டேப்பம்மா' என்று பெயர். தையல் கடையிலிருந்து நேராக ஓடி வருவாள். அளவெடுக்கும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருப்பாள். வயது ஐம்பத்து மூன்று. மற்றவர்கள் வெளிநாட்டு வேலைக்காகப் படித்தார்கள். இவள் மகன் ஏற்கெனவே அங்கே போய், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, நான்கு மாதமாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

அவனை அனுப்பிவைத்த ஏஜென்ட் போனில் "நல்லா இருக்கான்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

"நடுவுல ஆளை வெச்சா நல்ல சேதி மட்டும்தான் வருது. நானே கேட்டுக்கறேன்" என்று வகுப்பில் சேர்ந்தாள்.

"சார், உடம்பு உறுப்பெல்லாம் எப்ப வரும்?"

"ஒன்பதாம் பாடம்மா. இப்ப ரயில் டிக்கெட் வாங்கறது."

"என் புள்ள ரயில்லயா படுத்திருக்கான்?"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் பாட வரிசையை மாற்றவில்லை.

பக்கத்து அறையில் நோயாளிப் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த நாட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். நானே பேசுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கேட்க வேண்டியதையாவது கேட்கட்டும் என்று நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுத்தேன். காய்ச்சல் இருக்கிறதா? சிறுநீர் சரியாகப் போகிறதா? இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? முதுகில் புண் உண்டா? மூன்று வாரம் மிஷினை மிதித்தபடியே சொல்லிச் சொல்லி, உச்சரிப்பில் வாத்தியாரையே மிஞ்சிவிட்டாள்.

என்னென்ன பதில் வரலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் தப்பு.

வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. எதிராளி என்ன சொன்னாலும் 'நன்றி, மிக்க மகிழ்ச்சி' என்று பேச்சை முடித்தால்தான் முழு மார்க்.

ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் தாழ்வாரத்தில் நின்று வார்டுக்கு போன் செய்தாள். நான் என் வகுப்பை முடித்து வெளியே வந்தபோது போனை வைத்துவிட்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"நாலையும் கேட்டுட்டேன்க்கா! அந்த நர்ஸ் பொண்ணு தங்கம். எவ்வளவு நேரம் பேசுச்சு!"

"என்ன சொல்லுச்சு?"

"நல்லதாத்தான் இருக்கும். குரல் அவ்வளவு தன்மையா இருந்துச்சே."

அந்தத் தன்மை எனக்குத் தெரியும். நானும் பல வீட்டாரிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன். போனை வாங்கித் திரும்ப அழைத்தேன். நர்ஸ் குழம்பிப் போயிருந்தாள். முதுகுப் புண் எலும்புவரை போய்விட்டது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் சில நாள்தான், வர முடிந்தால் உடனே வாருங்கள் என்று சொன்னாளாம். அதற்கு அம்மா மகிழ்ச்சி என்றார்களே, ஏன் என்று கேட்டாள்.

சொன்னேன். இதையெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"மகிழ்ச்சின்னா சொன்னேன்?"

"ஆமா."

விசாவுக்கு ஓடினோம். அது கிடைப்பதற்குள், புதன்கிழமை அவன் போய்விட்டான்.

மூன்றாவது வாரம் வகுப்புக்கு வந்தாள். அன்று ஒன்பதாம் பாடம். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்க இனிமே சிரமப்பட்டு..."

ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மொழியிலேயே வந்த கடிதத்தை மேசைமேல் விரித்தாள். "படிச்சுச் சொல்ல வேணாம் சார். நீங்க பாடம் எடுங்க."

தலை, கழுத்து, தோள் என்று அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். 'முதுகு' வந்ததும் அவள் கடிதத்தில் வரிவரியாக விரல் வைத்துத் தேடினாள். அந்தச் சொல் கிடைத்த இடத்தில், பையிலிருந்து, துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து அடியில் ஒரு கோடு போட்டாள்.