கேக் மாஸ்டர் சாத்தானோடு மோதிய வாரம்

கேக் மாஸ்டரின் வலது கால் கட்டைவிரலுக்கு வீட்டில் ‘பெரியவர்’ என்று பெயர். பெரியவருக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. புது ஷூ கடித்த சின்னக் காயம், ஆறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாலையில் மாஸ்டர் வேலை முடிந்து வந்ததும், மாஸ்டரம்மா அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பழைய கட்டைப் பிரித்து, மருந்து போட்டு, புதுக் கட்டுப் போடுவார். பல் டாக்டர் கிளினிக்கில் ஊசி, பஞ்சு எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு, கை சுத்தம். அந்த நேரத்தில் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பெரியவரிடம்தான் பேச்சு. என்ன பெரியவரே, இன்றைக்கு உங்கள் முதலாளி கடையில் என்னென்ன தின்றார் என்று விசாரிப்பார். பெரியவர் வாய் திறக்காததால் மாஸ்டரே முந்திக்கொள்வார்.

“ஒண்ணுமே திங்கல.”

அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். டாக்டரம்மா சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து கடையில் ஒரு துண்டு கேக்கை வெட்டி வாயில் போட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை மட்டும் ஜம்மென்று மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. போன முறை டாக்டரம்மா, அடுத்த பரிசோதனைக்குள் இது இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நகம் வெட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வந்தவர் பைக் சாவியைத் தேடுவதுபோல ரொம்ப நேரம் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவரிடம் பைக்கே கிடையாது.

மாஸ்டரின் வேலை கேக்கின் மேல் கிரீம் ரோஜா போடுவது. கிரீம் நிரப்பிய பையைக் கையில் பிடித்து, கேக் தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஓர் அழுத்து அழுத்தினால் இதழ் இதழாக விரியும். அவர் போட்ட ரோஜாவை வெட்ட மனசு வராமல், அதைச் சுற்றியே வெட்டித் தின்றுவிட்டு நடுவில் தீவு மாதிரி விட்டுவைத்த குடும்பங்கள் உண்டு. அந்த ஊரில் மாஸ்டருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடமாட்டார். யாராவது தூக்கி வைத்தால் இறக்கவும் மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவருக்கு ஃபேனுக்கு நேர் கீழே ஓர் இடம். ஜெபிப்பதுபோலக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே மூடிவிடும். அந்த ஞாயிறு போதகர் ஆவிக்குரிய போரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். போதகர் மாஸ்டரைவிட வயதில் சின்னவர். குரல் மட்டும் பெரியது. மாஸ்டர் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று மைக் கீச்சென்று கத்தியதில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். போதகர், போரில் தலையில் மாட்டுகிற தலைச்சீராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போர்வீரன் தலையைக் காத்துக்கொள்வதுபோல விசுவாசியும் காத்துக்கொள்ள வேண்டும், சாத்தான் எங்கே சந்து கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டேயிருக்கிறான், உங்களிடம் எந்த வாசல் திறந்து கிடக்கிறது என்று யோசியுங்கள், இன்றைக்கே அடையுங்கள் என்றார்.

மாஸ்டருக்குச் சிலிர்த்தது. இது தனக்கென்றே வந்த செய்தி. தனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு வழியாகச் சர்க்கரை உள்ளே போகிறது. தலையில் இருக்கிற வாசல்களை வரிசையாக நினைத்துப் பார்த்தார். காது, மூக்கு வழியாகக் கேக் போக வாய்ப்பில்லை.

போதகர் சொன்னது பைக் ஓட்டுகிறவர்கள் மாட்டுகிற ஹெல்மெட்டை அல்ல என்பது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். அவர் அவ்வளவு விவரம் கெட்டவர் இல்லை. ஆனால் ஆவிக்குரிய ஹெல்மெட் வந்து சேரும்வரை இரும்புக்கடை ஹெல்மெட் போட்டுக்கொள்வதில் என்ன தப்பு என்பது அவருடைய கட்சி. மாஸ்டரம்மாவின் தம்பி அதே கடையில் டெலிவரி ஸ்கூட்டர் ஓட்டுகிறவன். கடையில் எல்லாருக்கும் அவன் ‘மச்சான்’தான். அவனிடம் முகம் முழுக்க மூடி, தாடையையும் சுற்றி வளைத்து, முன்னால் கண்ணாடி இறங்குகிற ஹெல்மெட் ஒன்று சும்மா கிடந்தது. மாஸ்டர் அதைக் கேட்டார்.

“வண்டியே இல்லாம எதுக்கு மாமா ஹெல்மெட்டு?”

“சாத்தானுக்கு மாப்ள.”

“அவனுக்குப் பத்தாதே மாமா. கொம்பு இடிக்குமே.”

திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் ஹெல்மெட்டோடு ரோஜா போட உட்கார்ந்தார். கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளியம்மா, கூரை ஏதாவது பெயர்ந்து விழுகிறதா என்று முதலில் மேலே பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேக்கில் முடி விழாது, நல்லதுதான் என்று போய்விட்டார். பிறந்தநாள் கேக் சொல்ல வந்த ஓர் அம்மா மட்டும் குழந்தையை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, அந்தக் கேக் வெடிக்கிற கேக்கா என்று முதலாளியம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

மத்தியானத்துக்குள் மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைவெளேரென்று அப்பிக்கிடந்தது. கிரீம் அடிக்கிற மெஷின்தான் தெறிக்கிறது என்று அதைத் திட்டிக்கொண்டே துடைத்தார். மறுபடியும் வெள்ளை. மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். ஒரு ரோஜாவை முடித்தார். பையின் முனையில் ஒட்டிய கிரீமை ஆள்காட்டி விரல் வழித்தது. அதே விரல் மேலே வந்தது.

டொக்.

மாஸ்டர் அப்படியே உறைந்துபோனார். அவர் அந்த விரலை வரச் சொல்லவில்லை. அடுத்த ரோஜா. வழித்தது, வந்தது, டொக். ஒரு கணம் அந்தக் கை யாருடையது என்றே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கண் சிமிட்டுவது எப்படி நமக்கே தெரியாதோ, அப்படி இத்தனை வருஷமாக ஒவ்வொரு ரோஜாவுக்கும் ஒரு வாய் கிரீம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. துண்டு கேக் தின்றிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது.

அப்போதே அழுதிருக்க வேண்டியவர், அழவில்லை. மாறாகக் குஷியாகிவிட்டார். எதிரியைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்றே. அதற்குப் பிறகு ஒவ்வொரு டொக்குக்கும் “போடா” என்று ஓர் அதட்டல் போட்டார். டெலிவரிப் பெட்டிக்காகப் பக்கத்தில் நின்ற மச்சான், இத்தனை நாள் மரியாதையாகப் பழகிய மாமா இப்படித் திடீரென்று திட்டுகிறாரே என்று முகம் தொங்கிப்போய் வெளியே போய் நின்றுகொண்டான். அவனைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிவருவதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் மாஸ்டர், சாத்தானைப் பிடித்த கதையைச் சாட்சியாகச் சொன்னார். விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, விரல் அளவில் இருந்த சாத்தான் ஆள் உயரத்துக்கு வளர்ந்தான். கடைசியில் ஹெல்மெட்டை மாட்டி டொக் என்று செய்தும் காட்டினார். சபையே அல்லேலூயா என்றது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து டீயும் கேக்கும் வந்தன. கேக், மாஸ்டரே காணிக்கையாகக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சூழ்ந்துகொண்டவர்களுக்கு டொக் கதையை மறுபடியும் சொன்னார். தாமதமாக வந்த ஒருவருக்காக இன்னொரு தரம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன வைராக்கியம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவர் முகமெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கலைந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. விரல் வாயில் இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. சாத்தான் முன்வாசலில் டொக் டொக் என்று தட்டிப் போக்குக் காட்டிவிட்டு, ‘சபாஷ் மாஸ்டர்’ என்ற புகழ்ச்சியில் திறந்து கிடந்த கொல்லைக்கதவு வழியாகச் சாவகாசமாக உள்ளே வந்து, தின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

வீட்டுக்கு வந்தார். பாட்டுக்குழு ஒத்திகைக்குப் போயிருந்த மாஸ்டரம்மா காதுக்குச் சாட்சி விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. புருஷனைப் புகழ்ந்து பேசிப் பழக்கமில்லாதவர், அன்றைக்குக் கட்டுப் போட்ட பிறகும் காலைக் கீழே இறக்காமல் மெதுவாகப் பிடித்துவிட்டார். பெரியவரே, உங்கள் முதலாளி ஜெயித்துவிட்டாராமே, இன்றைக்கு என்ன தின்றார் என்றார்.

“ஒண்ணுமே திங்கல.”

இத்தனை நாள் தெரியாமல் சொன்ன அதே வார்த்தை. இன்றைக்குத் தெரிந்தே சொன்னது.

மறுநாள் போதகர் ரொட்டி வாங்கக் கடைக்கு வந்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ குமுறல் மட்டும் கேட்டது. போதகர்தான் அதைக் கழற்றிவிட்டார். தட்டு காலியானது, மனைவியிடம் பொய் சொன்னது, விரல் போகப்போவது எல்லாவற்றையும் மாஸ்டர் கொட்டித் தீர்த்தார். போதகருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாஸ்டரின் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“அண்ணே, அன்னைக்கு நான் ஆறு ஆயுதம் சொன்னேன். நீங்க அஞ்சாவதுலதான் முழிச்சீங்க. முதல்ல சொன்னது சத்தியம்ங்கிற இடுப்புக் கச்சை. மத்ததெல்லாம் அதுக்கு மேலதான் நிக்கும். அப்ப உங்க குறட்டை எனக்கு மைக்கையும் தாண்டிக் கேட்டுச்சு.”

“இப்ப நான் என்னய்யா பண்றது?”

“அக்காகிட்ட உண்மையைச் சொல்லுங்க.”

“சாத்தானோட வேணா இன்னொரு ரவுண்டு மோதிடுறேன்யா. அவகிட்ட மட்டும் வேணாம்.”

போதகர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிரசங்கம் நன்றாக இருந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் தனக்கும் கால் தரையில் படாது என்றும், அந்த வாரம் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுவதாகவும், அவர் மனைவிதான் அதை முகத்துக்கு நேரே சொல்லி அடக்குவதாகவும் சொன்னார். யாரும் இந்தச் சண்டையைத் தனியாகப் போட்டு ஜெயித்ததில்லை. ஜெயித்தவர் இயேசு ஒருவர்தான், நாம் அவர் பின்னால் ஒண்டிக்கொள்கிற ஆட்கள் என்றார். நின்று அடிப்பது மட்டும் சண்டை இல்லை, சில இடங்களில் ஓடிப்போவதும் சண்டைதான் என்றார். பிறகு மாஸ்டரின் தோளில் கைபோட்டு ஜெபித்தார். எழுந்தபோது இரண்டு பேர் பின்புறமும் மாவு.

மாலை மாஸ்டரம்மா கட்டைப் பிரித்தார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் விரலையே பார்த்துப் பேசினார்.

“பெரியவரே, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். கூட்டத்துல கேக் தின்னேன்.”

மாஸ்டரம்மாவின் கை அப்படியே நின்றது.

“எவ்வளவு தின்னார்னு கேளுங்க பெரியவரே.”

“தட்டு காலி.”

“கிரீமோடயா?”

“கிரீமுக்காகத்தான்.”

கடையில் நடந்த டொக் சமாச்சாரத்தையும், இத்தனை வருஷமாக ரோஜாவுக்கு ஒரு வாய் போனதையும் பெருமை எதுவும் ஒட்டாமல் சொன்னார். மாஸ்டரம்மா பஞ்சை மருந்தில் நனைத்தார். நனைத்ததையே மறுபடியும் நனைத்தார். பிறகு முதல் தடவையாகப் பெரியவரை விட்டுவிட்டு நேராகப் புருஷனிடம் பேசினார்.

“இது போச்சுன்னா நான் யார்கிட்டங்க பேசுவேன்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டருக்கு இந்தத் தடவை தேடுவதற்குப் பாக்கெட்டும் இல்லை, லுங்கி கட்டியிருந்தார். அப்படியே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அவர் முதலாளியம்மாவிடம் போய், தன்னைக் கிரீம் மேசையிலிருந்து ரொட்டி மாவு பிசைகிற மேசைக்கு மாற்றிவிடச் சொன்னார். ரோஜா யார் போடுவது என்று முதலாளியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். ரோஜா இல்லாவிட்டால் மாஸ்டர் வெறும் ஆள்தான் என்பது மாஸ்டருக்கும் தெரியும். நேற்று ராத்திரி மனைவியும் அவரும் அதைப் பேசித்தான் ஜெபித்திருந்தார்கள். விரலும் ரோஜாவும் சேர்ந்து இருக்காது என்று மட்டும் சொன்னார். மச்சானைக் கூப்பிட்டுக் கையில் கிரீம் பையைக் கொடுத்தார்கள்.

பரிசோதனை வந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டரம்மா பெரிதாகக் கொண்டாடவில்லை. விரல் இப்போதைக்கு இருக்கட்டும், இப்படியே போனால் காயம் ஆறலாம், மாத்திரையையும் விடக்கூடாது என்றார். மாஸ்டரம்மா மட்டும் திரும்பி வருகிற வழியெல்லாம் புருஷன் கையை விடவில்லை.

கிரீம் மேசையில் மச்சான் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறான். நேற்று ஒரு கல்யாணக் கேக். காலையிலிருந்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை வந்து கைவைத்துக் காட்டுங்கள் மாமா என்று கெஞ்சினான். கேக் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. கிரீம் புதிதாக அடித்தது. வாசனை ரொட்டி மேசை வரைக்கும் வந்தது. மாஸ்டரின் கை மாவுக்குள்ளேயே ஒரு ரோஜா போட்டுப் பார்த்தது. அவர் கையை உதறிக்கொண்டு, நொண்டி நொண்டி, பின்கதவைத் திறந்து தெருவுக்கு ஓடிவிட்டார். அங்கே ஜன்னலுக்கு வெளியே சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டு, உள்ளே பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டைத் திருப்பு, தோளைத் தூக்காதே, மூச்சை விடு. போகிறவர்கள் சுவரோடு பேசுகிற மனிதரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

“போட்டுட்டேன் மாமா,” என்றான் மச்சான்.

மாஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். “ரோஜா மாதிரி இருக்கா?”

“முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு.”

“அப்ப வழிச்சு எடுத்துட்டு, இன்னொண்ணு போடு,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “நான் இங்கதான் நிக்கிறேன்.”