பல் டாக்டரம்மா வாங்கிய ரொட்டி வேன்

பல் டாக்டரம்மாவுக்குத் தச்சர்கள் என்றாலே ஆகாமல் போனது, கிளினிக்குக்கு மருந்து அலமாரி செய்யக் கொடுத்த நாளிலிருந்து. இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்த மனிதர் கடைசியில் கொண்டுவந்து மாட்டிய அலமாரியின் கதவு தானாகவே திறந்துகொண்டது. கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, மருந்தை எடுக்க ஒரு கை, நோயாளியின் வாயைப் பிடிக்க மூன்றாவது கைக்கு அவள் எங்கே போவாள்? இனி வீட்டு வேலை எதற்கும் வெளியாள் கிடையாது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

"கண்ணாடியப் பாத்து, தலைகீழா, ஆடுற வாய்க்குள்ள ஓட்டை போடறவ நான். அசையாம நிக்கிற சுவத்துல போடமாட்டேனா?" என்று கணவரிடம் கேட்டாள்.

கணவர் நில அளவைத் துறையில் சர்வேயர். சுவர் அசையாது என்பதை அவர் ஒத்துக்கொண்டார். சுவருக்குள்ளே என்னென்ன ஓடுகிறது என்று அவர் பேச்செடுப்பதற்குள் துளைபோடும் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது.

முதல் துளை குளியலறையில், துண்டு போடுகிற கம்பிக்காக. அது நேரே தண்ணீர்க் குழாய்க்குள் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவள் கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, வீட்டின் முன்னறையிலேயே இருந்த கிளினிக்குக்குக் கணவரை அனுப்பி, பல்லுக்கு அச்சு எடுக்கிற ரோஸ் நிற மாவைக் குழைத்து எடுத்துவரச் சொன்னாள். மாவு இறுகியது. தண்ணீர் நின்றது. அன்றைக்கு மட்டும் தண்ணீர் நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அழைப்பு மணியை மாற்றினாள். யாராவது வந்து பொத்தானை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. குளித்துக்கொண்டிருக்கிறவர்தான் ஈரத்தலையோடு "யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். டி.வி.யைச் சுவரில் மாட்டினாள். அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். கழுத்து வலி வந்தபோது, வெயிலில் குனிந்து நிலம் அளப்பதால் வந்தது என்று அவளே கண்டுபிடித்தும் சொன்னாள்.

கணவரின் தங்கை, அவளுடைய நாத்தனார், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவள். விபத்துகளைப் பற்றிப் படித்துப் படித்தே வாய் கூர்மையாகிவிட்டது. வந்து உட்கார்ந்தவள் டி.வி.யைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணி, நியூஸ் வாசிக்கறவரு நாற்காலியிலிருந்து வழுக்கி விழறாரே, பாவமா இருக்கு."

"ஸ்டூடியோவுல தரை சரியில்ல போல" என்றாள் டாக்டரம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீட்டில் இனித் துளைக்க இடமில்லை என்ற நிலை வந்தபோதுதான், அடுத்த தெருவில் இருந்த பேக்கரி தன் பழைய ரொட்டி வேனை விற்பனைக்கு நிறுத்தியது. படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதையே ஓடுகிற வீடாக மாற்றப்போகிறேன் என்று வாங்கிவந்து வாசலில் நிறுத்தினாள். தெருவில் இருந்த எறும்புகள் அத்தனையும் முதலில் குடிவந்தன.

ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. பின்பக்கக் கதவுகளை மறைத்துக் கைகழுவும் தொட்டியையும் சமையல் மேடையையும் வைத்தாள். டிரைவர் சீட்டுக்கும் உள்ளறைக்கும் நடுவில் பலகையடித்து, நெருக்கி நெருக்கித் திருகாணி முடுக்கினாள். கூரையில் மின்விசிறிக்காக ஓட்டை வெட்டினாள். விசிறி சிறியது, ஓட்டை ஒரு ஆளின் தலை போகிற அளவு. மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடி, பல் அடைக்கிற சிமெண்டைப் பூசினாள். கடைசியாகக் கட்டில். பகலில் சுவரோடு மடித்துவைத்துக் கொக்கி மாட்டிவிடலாம். ராத்திரி கீழே இறக்கிக்கொள்ளலாம்.

கணவர் டேப்பை நீட்டினார். "அளக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கற ஆள் ஒருத்தன் வீட்ல இருக்கேன்."

"நீங்க ஊரை அளங்க. இதுக்குக் கண்ணு போதும்."

முதல் பயணம் ஏரிக்கரைக்கு. நாத்தனாரும் வந்தாள், பார்க்காமல் விட்டால் மனசு ஆறாது என்று அவளே சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏரிக்கரையில் வண்டிகள் நிற்கிற திடலில் வேனை நிறுத்திவிட்டு, மூவரும் உள்ளறைக்கு மாறி, பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தார்கள். காற்று நன்றாகத்தான் வந்தது. கணவர்கூட, "பரவால்லயே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மழை வந்தது.

பக்கவாட்டுக் கதவை அவள் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே இழுத்துச் சாத்திவிட்டாள். எதிர்ச் சுவரில் கொக்கி கழன்றது. கட்டில் தடாலென்று இறங்கியது. மூவரும் சமையல் மேடையோடு ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கட்டில் ஒரு விரற்கடை நீளம் கூடுதல். அதன் விளிம்பு கதவின் உள்கைப்பிடிக்குக் கீழே போய் ஆப்பு அறைந்ததுபோல் இறுகிக்கொண்டது. கட்டிலும் மேலே வரவில்லை, கதவும் நகரவில்லை. முன்னால் பலகை. பின்னால் கைகழுவும் தொட்டி. உள்ளறையில் அவள் வைத்த பிளக்கில் மாட்டிய போன் எல்லாம் சூடாகி அணைந்துவிடுவதால், மூவரின் போன்களும் முன் சீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

கணவர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அவர் சத்தம்போட்டிருந்தால் அவளுக்குத் தெம்பு வந்திருக்கும்.

"திருகாணியக் கழட்டிடலாம்" என்றாள்.

"ஸ்க்ரூடிரைவர் எங்க?"

"முன்னாடி."

"ரொம்ப நல்லது" என்று கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கூரையில் சிமெண்ட் பூசிய இடம் இந்த நேரத்தில் ஒழுக ஆரம்பித்து, அவர் வழுக்கையிலேயே சொட்டியது. அவர் நகரவில்லை. ஓட்டையைப் பார்த்த நாத்தனார்தான் கட்டில்மேல் ஏறி நின்றாள். தகட்டை ஒரு குத்து, அது பறந்தது. விசிறி ஒயரில் தொங்க, அவள் தலை கூரைக்கு வெளியே போனது.

"யாராச்சும் இருக்கீங்களா? எங்க அண்ணி எங்களைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

வேனின் கூரையிலிருந்து முளைத்த தலையைத் திடலிலிருந்தவர்கள் முதலில் போட்டோ எடுத்தார்கள். பிறகு வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறவர் கடப்பாரையோடு வந்தார். டாக்டரம்மா உள்ளேயிருந்து, எங்கே வைத்து எப்படி நெம்ப வேண்டும் என்று விளக்கினாள். அவர் அதன்படியே நெம்பினார். கதவு முழுசாகக் கழன்று சேற்றில் விழுந்தது. திரும்பி வரும்போது அதைக் கயிறு போட்டுக் கட்டி, வழிநெடுக நாத்தனார் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கேலிக்குப் பதிலாகக் கயிற்றைத்தான் இறுக்கினாள். அதுதான் டாக்டரம்மாவுக்குத் தாங்கவில்லை.

மறு வாரம் அவளே போய் ஒரு தச்சரைக் கூட்டிவந்தாள். அவர் வேனுக்குள் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"எந்த மகராசன் பாத்த வேலைங்க இது?"

புதிதாக வருகிற நோயாளி வாயைத் திறந்ததும் அவளும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்பாள். அதனால் கேள்வியின் ருசி அவளுக்குத் தெரியும். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பேக்கரிக்காரங்க" என்றாள். "நாங்க வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

"ரொட்டி விக்கிறவன் ரொட்டி வித்தாப் போதாது? கை இருந்தா மட்டும் ஆச்சா, மேல கொஞ்சம் மூளையும் வேணாமா? ஒரு டேப்பு வாங்கக்கூடவா வக்கில்ல?"

"ஆமா" என்று தலையாட்டினாள். காது சிவந்துகொண்டிருந்தது.

தச்சர் விடவில்லை. திருகாணி ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்தார். வாசற்படியில் நின்ற கணவரைப் பார்த்து, "நீங்களாவது கேட்டிருக்கக்கூடாதா சார்?" என்றார்.

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் கைகழுவும் தொட்டியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேங்க" என்றார். "அந்த பேக்கரிக்காரங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

தச்சர் கட்டிலை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார், வாய் பேசின அளவுக்குக் கை பேசாமல். இப்போது அதில் படுத்தால் கணவரின் கால் முழங்காலிலிருந்து வெளியே தொங்குகிறது. டாக்டரம்மா அதை அவ்வப்போது வந்து திருப்தியோடு பார்த்துவிட்டுப் போகிறாள்.