மொட்டை போடாத பங்காளி

எங்கள் குடும்பச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனது, வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டதால்தான். ஆறாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தவன் நான். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். நாலு பேர் பார்க்கப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் என் கையெழுத்து உருண்டையாக, தெளிவாக இருக்கும். அது போதும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சித்தப்பாதான் தலைவர். நகராண்மையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு சாவு. ஈப்போவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இறந்து பதினாறாம் நாள் கருமாதிக்கு எல்லோரும் கூடியிருந்தோம். எங்கள் குடும்பத்தில் பெற்ற பிள்ளைகள் மட்டுமல்ல, பங்காளிகள் எல்லோரும் அன்றைக்கு மொட்டை போடவேண்டும். முடி எடுக்க வந்தவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "பங்காளிங்க யாரு, வந்து உக்காருங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து, ஆளுக்கொரு பக்கம் சிதறி முப்பது வருடம் ஆகியிருந்தது. கடைசியில் முடி கொட்டிப்போன ரெண்டு பேர் மட்டும் துணிந்து போய் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம் சித்தப்பா வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பதினேழு பேர் கூடினோம். தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்த எங்கள் முன்னோருக்கு நாங்கள் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் கப்பல் தாத்தா. அவருடைய நான்கு மகன்களின் வழியில் வந்தவர்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி ஒரு புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. யாருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

முதலில் எல்லாருக்கும் ஒரு தாள் அடித்துக் கொடுத்தோம். அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவுக்கு அப்பா பெயர். தாள்கள் திரும்பி வந்தபோது மூன்றாவது கோடு எல்லாவற்றிலும் காலியாக இருந்தது. பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஆனால் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். பெயர் மறந்தவர்களுக்கும் சாவு மறக்கவில்லை. எந்தக் கருமாதியில் யார் யார் மொட்டை போட்டுக்கொண்டு வரிசையாக ஓடையில் இறங்கினார்கள் என்று கேட்டால், நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். சிலர் படமே எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் பட்டணத்திலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுக் கருமாதிக்குப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "டேய், இது நல்லாருக்கு லா" என்றார். அன்றிலிருந்து அதுவே சங்கத்தின் அளவுகோல் ஆனது. படத்தில் மொட்டைத் தலையோடு நிற்பவர் பங்காளி. முடியோடு நிற்பவர் சம்பந்தி, அல்லது பக்கத்து லயத்துக்காரர். அவர் வழி புத்தகத்தில் வராது.

அந்த அளவுகோலால் நாங்கள் ஒருவரைச் சேர்க்காமல் நிறுத்தினோம். சிலிம் ரிவர் என்ற ஊரில் லாரி ஓட்டுகிற ஓர் அண்ணன். கப்பல் தாத்தாவோடு அதே கப்பலில் அவருடைய தம்பியும் வந்தார், வேறு தோட்டத்துக்குப் போனார், அந்தத் தம்பியின் பேரன்தான் தன் அப்பா என்று அவர் சொன்னார். அப்படி ஒரு தம்பி இருந்ததை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சாட்சியாக அவரே ஒரு கருமாதிப் படத்தை அனுப்பியிருந்தார். கப்பல் தாத்தாவின் இரண்டாவது மகன் இறந்தபோது எடுத்தது; மாதமும் வருடமும் எங்கள் கணக்கில் இருந்தன. வரிசையின் கோடியில் நிற்பவர் தன் அப்பா என்று அம்புக்குறி போட்டிருந்தார். அந்த ஆள் தலை நிறைய முடியோடு நின்றார்.

விஷயத்தைச் சொல்லும் வேலை செயலாளருக்கு வந்தது. மூன்று தடவை நம்பரை அழுத்திவிட்டு வெட்டினேன். நாலாவது தடவை அவர் எடுத்துவிட்டார். நான் திக்கித் திக்கிச் சொன்னதைக் கடைசி வரை கேட்டார்.

"சரி தம்பி. எங்கப்பா சொன்னத நம்பித்தான் வந்தேன். அவரு அப்பிடிச் சும்மா சொல்ற ஆளு இல்ல. பரவால்ல" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் வெளியேறினார். வெளியேறினார் என்று குழுவில் வந்த அந்த ஒரு வரியை அன்றைக்குப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். விதி விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் ஓர் அத்தை. கப்பல் தாத்தாவின் மூத்த மகனுடைய மகள். மீன் கொட்டகையில் இறால் பிரிக்கும் வேலை செய்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். கூட்டத்துக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. உள்ளே அவர் அப்பாவின் கருமாதிப் படம் இருந்தது. பின்னால் பென்சிலில் மாதமும் வருடமும். நான் பிறந்த வருடம். பதினோரு மொட்டைத் தலைகள். பன்னிரண்டாவது ஆள் சீவிய தலையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அது என் அப்பா.

எனக்கு ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். தாத்தா கப்பல் தாத்தாவின் மூன்றாவது மகன். வேறு தோட்டத்துக்குப் போய் அங்கேயே சீக்கிரம் இறந்துவிட்டார். பிறகு அப்பாவை அவருடைய பெரியப்பா வீட்டில், அதாவது இந்த அத்தையின் வீட்டில், கொண்டுவந்து வளர்த்தார்கள். இது அம்மா சொன்னது. அம்மாவும் இப்போது இல்லை. தோட்டத்தில் யாரையும் சித்தப்பா என்போம், யாரையும் அண்ணே என்போம். ரத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிடும் முறை ஒன்றுதான். அப்பா நிஜமாகவே மூன்றாவது மகனின் பிள்ளையா, இல்லை, போக்கிடம் இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பிள்ளையா? எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இந்தச் சங்கம் வந்த பிறகுதான் தீபாவளிக்கு என் வீட்டு வாசலில் ஆறு கார் நின்றது. அதை விட்டுவிட மனம் வரவில்லை. சிலிம் ரிவர் அண்ணனுக்கு நான் சொன்னதை எனக்கு யார் சொல்வார்கள்?

படத்தை உறைக்குள் வைத்து, ஃபைலின் அடியில் போட்டேன். வீட்டில்கூடக் காட்டவில்லை. மூன்று வாரம் அதைத் திரும்ப எடுக்கவில்லை. கிடங்கில் பலகை மேல் அடுக்கிய ஒரு சரக்கை ஃபோர்க்லிப்டால் இடித்துத் தள்ளி, மேலாளரிடம் திட்டு வாங்கினேன்.

கடைசிக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யாரும் எதிர்பார்க்காமல் அத்தை வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய உலர்ந்த இறால். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யாருடா செக்ரட்டரி? எங்கப்பா கருமாதிப் படம் அனுப்பிச்சேனே, எங்க? பத்திரமா திருப்பிக் குடுக்கணும் லா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்னா படம்? எனக்குக் காட்டவே இல்லையே."

ஃபைலைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தேன். எழுதிக் கொடுக்க நேரம் இல்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்கப்பா மொட்டை போடல சித்தப்பா. நான் மறைச்சிட்டேன். விதிப்படி எங்க வழி வராது. புத்தகத்துலேருந்து எடுத்துருங்க. செயலாளருக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க."

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா லா, முடியோட நிக்கிறான்" என்றார் மெதுவாக.

அத்தை படத்தைப் பிடுங்கினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ எந்த மாசம்டா பொறந்த?"

சொன்னேன். படத்தின் பின்னால் எழுதியிருந்த மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து.

"அப்ப இந்தப் படம் எடுக்கறப்ப நீ எங்க இருந்த? ஒங்கம்மா வயித்துல. புள்ளத்தாச்சி புருஷன் தலையில கத்தி படலாமாடா? பாடையும் தூக்கக்கூடாது, முடியும் எடுக்கக்கூடாது. ஒங்கப்பன் நான் போடுறேன், எங்க பெரியப்பா இல்லையான்னு அடம் புடிச்சான். எங்கம்மாதான் அந்த அழுகையிலயும் எந்திரிச்சு வந்து, ஒம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம், போயி ஓரமா நில்லுன்னு வெரட்டுனாங்க. ஒன்னாலதான் அவன் முடியோட நிக்கிறான். நீ என்னாடான்னா அவன குடும்பத்த விட்டே தள்ளப் பாக்குற."

"அவரு மூணாவது தாத்தா புள்ளதானா அத்தை?" என்றேன். அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கப்பாவே பஸ் புடிச்சுப் போயிக் கூட்டியாந்தாரு. எம்மவன் மூஞ்சி அப்பிடியேன்னு எங்க பாட்டி கட்டிப் புடிச்சு அழுதாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்." பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "ஏன்டா, நீயாவது சொல்லக்கூடாது? தலைவராமே."

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"அதானே. கல்யாணமே கட்டாதவன் கிட்ட புள்ளத்தாச்சி சமாச்சாரத்தக் கேக்கறேன் பாரு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். நான் உட்கார்ந்துகொண்டேன். மார்பில் மூன்று வாரமாக இருந்த பலகைச் சரக்கை யாரோ தூக்கி இறக்கி வைத்ததுபோல இருந்தது. என் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எங்கள் பக்கம் யாரும் இறக்கவில்லை. நானும் மாதாமாதம் முடிவெட்டும் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அப்படி ஒரு வழக்கம் உண்டென்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

எல்லோரும் சாப்பிட எழுந்தபோது சிலிம் ரிவர் அண்ணனின் நினைவு வந்தது. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டை மேசையில் வைத்தார். "அத்தையக் கேளு" என்றார். அத்தைக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியவில்லை. "அவங்கள்லாம் வேற தோட்டம். ஆனா கேட்டுப் பாரு, கேட்டா என்னா" என்றார்.

வெளியே வந்து வேலியோரம் நின்று நம்பரை அழுத்தினேன். இந்தத் தடவை வெட்டவில்லை.

"அண்ணே, நாந்தான், சங்கத்துலேருந்து. ஒண்ணு கேக்கணும். ஒங்கப்பா நிக்கிற அந்தப் படம் எடுத்த வருஷம் ஒங்க வீட்ல யாராச்சும் பொறந்தாங்களா?"

"ஏன் தம்பி?"

"சொல்லுங்கண்ணே, அப்புறம் சொல்றேன்."

லாரி இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "படம் எந்த மாசம்?"

சொன்னேன்.

"எங்க பெரியக்கா. அதுக்கடுத்த மாசம்."

அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். தலைவர், அத்தையையும் வைத்துக்கொண்டு, அண்ணனின் பெரியக்காவிடம் பேசவேண்டும், கப்பல் தாத்தாவின் அந்தத் தம்பியைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும், ஆனால் முடியைக் காரணம் காட்டி நாங்கள் தள்ளியது தப்பு என்றும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் போனில் பேசியதே இல்லை.

"அப்ப எங்கப்பா பொய் சொல்லல" என்றார்.

"இல்லண்ணே."

"நானும் நடுவுல கொஞ்ச நாளு அவரச் சந்தேகப்பட்டுட்டேன் தம்பி." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அடுத்த கூட்டம் எப்ப? அக்காவ இட்டுக்கிட்டு வாரேன். ஆனா என்னைய எந்திரிச்சுப் பேசச் சொல்லக்கூடாது. எனக்கு வராது."

"எனக்கும் வராதுண்ணே. பக்கத்துல உக்காந்துக்கலாம்" என்றேன்.