பூட்டிய வீட்டைக் கூட்டிய ஆறு பேர்

விக்கிரமங்கலத்து அனிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா பரிமளா, "பெரம்பலூர்ல கம்ப்யூட்டர் வேல" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். பாதி உண்மைதான். அனிதா கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அதில் தெரிவதெல்லாம் பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஜனங்கள். துறையூர் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ராசாங்கம் நடத்துகிற எஸ்கேப் ரூமில் அவள்தான் எல்லாம். ஆட்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவாள். உள்ளே ஒளித்து வைத்த சாவிகளை அவர்கள் கண்டுபிடித்து, அறுபது நிமிடத்துக்குள் வெளியே வரவேண்டும். காசு கொடுத்து மாட்டிக்கொள்ள எவன் வருவான் என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

மூன்று வருஷமாகக் கேமரா வழியாக மனிதர்களைப் பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை. மேடையில் முழங்குகிற வாத்தியார் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் மூலையில் உட்கார்ந்து நகம் கடித்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சாவியை மறந்துவிட்டு, யார் வீட்டுச் சீர்வரிசை ஒசத்தி என்று ஒரு மணி நேரமும் சண்டை போட்டது. வாயே திறக்காமல் வந்த பெண்ணொருத்தி, பத்துப் பன்னிரண்டு குழுக்கள் திணறிய பூட்டைத் திறந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மனுஷன் யாரென்று பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் தெரிகிறது என்று அனிதா வியந்துபோவாள்.

அங்கிருந்த இரண்டு அறைகளும் சென்னையில் ஆயத்தமாகச் செய்து அனுப்பியவை. ஒன்று புதையல் குகை, இன்னொன்று வெடிகுண்டு. மூன்றாவதை நான் செய்கிறேன் என்று ராசாங்கத்திடம் மன்றாடி அனுமதி வாங்கினாள். அவள் செய்தது ஒரு சாதாரண வீடு. சின்ன வயதில் அவள் அம்மா களையெடுக்கப் போகும்போது வீட்டுச் சாவியை ஒரு நாள் வைத்த இடத்தில் மறுநாள் வைக்கமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேடியே வளர்ந்தவள் அனிதா. அந்தச் சாமர்த்தியத்தையெல்லாம் கொட்டி அந்த அறையை அமைத்தாள். கொடியில் ஐந்து நிறத்தில் சேலைகள், அடுப்படியில் ஜாடிகள், ஒரு பழைய அலமாரி, ஒரு டிரங்குப் பெட்டி. "பூட்டின வூடு" என்று பெயரும் வைத்தாள்.

மூன்று வாரமாகியும் ஒரு குழுகூட வெளியே வரவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சுவரில் டார்ச் அடித்து ரகசிய எழுத்தைத் தேடினார்கள். காலண்டர் தேதிகளைக் கூட்டிக் கழித்தார்கள். உப்பு ஜாடியை ஒருவனும் தொடவில்லை. போகும்போது, லாஜிக்கே இல்லை என்று நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்மா" என்றார் ராசாங்கம். "நீ மைக்குல ஒரு வார்த்த சொல்லக்கூடாது. ஒரு குரூப்பாவது தானா வெளிய வரணும். இல்லன்னா கழட்டிருவோம். சென்னைக்காரன் பேய் ரூம் அனுப்புறேங்கிறான்."

அனிதா தலையாட்டினாள். அவள் தன் கையால் செய்தது என்று உலகத்தில் இருந்தது அந்த ஓர் அறைதான்.

ஞாயிறு காலை வந்த இரண்டு குழுவும் கோட்டை விட்டன. மூன்றாவதாக ஆறு பெண்கள் மாடியேறி வந்தார்கள். பூலாம்பாடிப் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கித் தரம் பிரிக்கிறவர்கள். கீழே தீபாவளிக்குச் சேலை எடுத்ததற்கு இலவசக் கூப்பன் கிடைத்திருந்தது. முன்னால் நின்றவர் கொளஞ்சியம்மாள், ஐம்பது வயதிருக்கும். அனிதா விதிகளைச் சொன்னாள். ஆறு பேரும் செருப்பை வாசலில் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

உள்ளே போனதும் கொளஞ்சியம்மாள் இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"என்னாடி இது, போட்டது போட்டபடி கெடக்குது! அந்த வெளக்குமாத்த எடு."

அலங்காரத்துக்கு வைத்த துடைப்பம் அது. ஒருத்தி கூட்ட ஆரம்பித்தாள். இன்னொருத்தி முந்தானையால் ஜாடிகளைத் துடைத்தாள். முத்தாயி என்கிறவள் நேரே கொடிக்குப் போய், "காஞ்சு எத்தன நாளாச்சோ" என்றபடி சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அடுக்கிவிட்டாள்.

ராசாங்கத்தோடு கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த அனிதா நாற்காலி நுனிக்கு வந்தாள். கொடியில் அந்த ஐந்து நிறமும் தொங்கின வரிசைதான் கடைசிப் பூட்டின் விடை. விடையையே மடித்து வைத்துவிட்டார்கள்! மைக்கை எடுக்கப் போன அவள் கையை ராசாங்கம் பார்த்த பார்வையில், கை தானாக மடிக்குத் திரும்பியது.

ஜாடி துடைத்தவள் சட்டென்று நின்றாள். "யக்கா, இந்த உப்பு ஜாடி கனம் சரியில்ல." நாள் முழுக்க வெங்காயத்தைக் கையால் நிறுத்துப் பழகினவளாயிற்றே. கையை விட்டாள். அலமாரிச் சாவி வந்தது. ஒன்பதே நிமிடம்.

அலமாரியில் இருந்த சேலைகளைக் கொளஞ்சியம்மாள் ஒரு பார்வை பார்த்தார். "இது மட்டும் அவசரத்துல மடிச்சது" என்று ஒன்றை உருவினார். டிரங்குச் சாவி கீழே விழுந்தது. ராசாங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டிரங்குக்குள் ஐந்து நிறப் பொத்தான் வைத்த சின்னப் பெட்டி. அதன்மேல், "கொடியைப் பார்" என்று ஒரு சீட்டு.

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் கயிறு. முத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து எடுத்த?" என்று கேட்டார் கொளஞ்சியம்மாள்.

"செவுத்துப் பக்கத்துலேருந்து, ஒண்ணு ஒண்ணா."

"எடுக்க எடுக்கத்தான அடுக்குன? அப்ப அடியில கெடக்கிறதுதான் மொதல்ல. இதுக்குப் போயி ஏண்டி மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

அடுக்கின் அடியிலிருந்து மேலாகப் பொத்தான்களை அழுத்தினார்கள். பெட்டி திறந்தது. வாசல் சாவி. நாற்பத்தோராம் நிமிடம் கதவு விரியத் திறந்தது. அனிதா துள்ளி எழுந்தாள்.

ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை. "இருங்கடி" என்ற குரல் மட்டும் வந்தது. முத்தாயி சேலைகளைத் திரும்பக் கொடியில் போடத் தொடங்கினாள். இன்னொருத்தி டிரங்கைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது ஆயிற்று, ஐம்பத்தைந்து ஆயிற்று. வாங்கக்கா, வெளியே வாங்க என்று அனிதாவின் உதடு முணுமுணுத்தது. அறுபதில் மணி அடித்தது. அறுபத்து மூன்றில்தான் ஆறு பேரும் கதவைச் சாத்திவிட்டு வந்து செருப்பை மாட்டினார்கள்.

"ஆறு பேரும் வாசலத் தாண்டுனாத்தான் ஜெயிச்சதுன்னு போர்டுல எழுதினது நீதான்" என்றார் ராசாங்கம்.

அனிதாவுக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "கதவு தெறந்துதான இருந்துச்சு, ஏங்கக்கா வரல?" என்று கத்திவிட்டாள்.

கொளஞ்சியம்மாள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நல்லாருக்கே! அடுத்தவங்க வூட்டக் கலைச்சிப் போட்டுட்டு ஓடியாரதா? உள்ள சோத்துத் தூக்கும் இல்ல, களையெடுக்கிற கொட்டும் இல்ல. அந்த வூட்டுப் பொம்பள வேலைக்குத்தான போயிருக்கா? பொழுதோட வந்தா சாவிய எங்கன்னு தேடுவா?"

அனிதா திரும்பி அறையைப் பார்த்தாள். தூக்குவாளி வைக்கவேண்டும் என்றோ வைக்கக்கூடாது என்றோ அவள் நினைத்ததே இல்லை. மூன்று வாரமாக வந்தவர்களில் ஒருவர்கூட அது யார் வீடு என்று கேட்கவில்லை. அவள் அறைக்குள் போனாள், ராசாங்கமும் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். உப்புக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது. சேலை மடிப்புக்குள் சாவி, டிரங்குக்குள் பெட்டி, கொடியில் ஐந்தும் அதே வரிசை. ஒரு நூல் பிசகவில்லை. தரையில் மட்டும் தூசி இல்லை.

ராசாங்கம் அந்த நடுவீட்டில் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சென்னைக்குப் போன் போட்டார். "பேய் வேணாங்க" என்றார். "இல்லங்க, எடமில்ல. இங்க ஒரு அம்மா குடியிருக்காங்க."

வாசலில் நின்று அனிதா தேம்பித் தேம்பி அழுதாள். துணிப்பையோடு படியிறங்கப் போன கொளஞ்சியம்மாள் திரும்பி வந்து அவள் தோளைத் தொட்டார்.

"இதுக்குப் போயி அழுவுறியா பாப்பா? நேரம் போச்சின்னா போவுது வுடு. இன்னொரு நாளைக்கு வந்து வூட்ட வெரசா கூட்டிட்டுப் போறோம்."