நித்திரைக் குளிசையின் முதல் வரி

அவர் லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்தார். தொண்ணூறுகளில், இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்களுக்காகப் போதைப்பொருள்கள் பற்றித் தமிழில் ஒரு கைநூல் எழுத, சனிக்கிழமைகளில் அந்தக் கடையின் பின்னறையில் நாங்கள் இருவரும் உட்காருவோம். எந்தப் பொருளானாலும் அறிமுகம் ஒரே ஒழுங்கில் வரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்: அது என்ன, மனதை என்ன செய்யும், எப்போது ஆபத்து. கஞ்சாவுக்கும் விஸ்கிக்கும் அதேதான். என் அடைமொழிகளைப் பச்சைப் பேனையால் வெட்டிக்கொண்டே இருப்பார்.

ஹெரோயினை நான் ‘குடும்பத்தை அழிக்கும் நஞ்சு’ என்று தொடங்கியிருந்தேன்.

“தங்கச்சி, பாவிக்கிற பிள்ளை இந்த வரியோட புத்தகத்தை மூடிப்போடும். பிறகு ஆபத்தை ஆருக்குச் சொல்லப் போறீர்?”

நித்திரைக் குளிசை, அதாவது தூக்க மாத்திரை, பற்றி அவரே எழுதினார். அது மட்டும் வேறு மாதிரித் தொடங்கியது: ‘கண்ணை மூடினால் வீடு எரிவதைக் காண்கிறவர்களுக்கு இது தேவைப்படுகிறது.’

“அண்ணை, இது எங்கட ஒழுங்கில இல்லையே?” என்றேன்.

“ஓம்.” பச்சைப் பேனையை என்னிடம் நீட்டினார். “நீர் வெட்டும். எனக்கு ஏலாது.”

வெட்டினேன். கைநூல் அச்சில் வந்தபோது எல்லா அறிமுகங்களும் ஒரே ஒழுங்கில் இருந்தன. அவருக்கு நித்திரை வருகிறதா என்று மட்டும் நான் கேட்கவேயில்லை.