காற்றைக் கூட்டியவர்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் நான் ஏலத்தில் எடுத்த பட்டாள மோட்டார் சைக்கிளின் சைலன்சரை உப்புக்காற்று தின்றிருந்தது. தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், வேறொரு குழாயைப் பொருத்திவிட்டு கார்புரேட்டரின் காற்றுத் திருகைத் திருப்பத் தொடங்கினார். கட்டையான, கறுத்த மனிதர். உள்ளங்கையில் குறுக்காக ஒரு கயிற்றுத் தழும்பு. திருகும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். முடித்த பிறகுதான் விடுவார்.

இன்ஜினைக் கிளப்பியதும் புதுக் குழாய் படபடவென்று வெடிச்சத்தம் போட்டது.

"காத்து கூடிப்போச்சு அண்ணாச்சி. பெட்ரோல் பத்தல. இப்படியே ஓட்டுனா இன்ஜின் வெந்துபோகும்" என்றேன்.

"வெடிக்கட்டும் தம்பி. காத்து கொறையக் கூடாது" என்று இன்னும் கொஞ்சம் திறந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "இது என்ன வேலை அண்ணாச்சி?"

அவர் நிமிரவில்லை. "எந் தங்கச்சி மாப்பிள்ள முத்துக் குளிக்க முங்குனான். மேல கயிறு பிடிக்கது மச்சினன்தான? நாந்தான் பிடிச்சேன். அவன் மூச்சு முட்டிக் கீழருந்து கயித்த அசைச்சது எனக்குத் தெரியல தம்பி."

வீட்டுக்கு வந்து நானே காற்றைக் குறைத்தேன். வெடிப்பு உடனே நின்றது. நானும் மூச்சை அடக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்த அமைதி தாங்காமல் திருகைப் பழையபடி திறந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் இன்ஜின் வெந்துதான் போனது. அவரிடம் சொல்லவில்லை.